தட்டில் எஞ்சாத துண்டு

இல்லங்களுக்குப் பழம் வந்துசேரும் வேளைகள் பெரும்பாலும் மூன்றே. பூஜைக்கென ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கப்படுகிறது. விருந்தினர் வரும்போது ஆப்பிள் கொண்டுவருகின்றனர். எவரேனும் நோயுற்றால் சாத்துக்குடியும் ஆரஞ்சும் படுக்கையருகில் குவிகின்றன. நலமாக இருப்பவர் தம் நலத்தின் பொருட்டு நாள்தோறும் ஒரு பழம் உண்பது இன்றும் பல குடும்பங்களில் ஆடம்பரமாகவே எண்ணப்படுகிறது. வாங்கிய பழத்தையும் நறுக்கிக் குழந்தைகளுக்கும் கணவருக்கும் கொடுத்துவிட்டு, மாங்கொட்டையோடு நின்றுவிடுகிறாள் தாய். அவளைப் போற்றி நாம் ‘தியாகம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அது உண்மையில் தியாகமா?

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்பது 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கண்ட உண்மை. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. எனினும் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை என்பதும், உணவோடு வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாக ஏற்கும் என்பதும் மருத்துவம் நன்கறிந்தவை. கொய்யாவில் அந்தச் சத்து ஆரஞ்சைவிடப் பல மடங்கு உண்டு. விலையோ பெரும்பாலும் குறைவு. (உண்டு முடித்தவுடன் அருந்தும் தேநீர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது, அதை மட்டும் எந்தத் தாயும் தியாகம் செய்வதில்லை!) நார்ச்சத்தும் பொட்டாசியமும் பழம் தரும் பிற நன்மைகள். சாறாகப் பிழிந்தால் நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். நாளொன்றுக்கு 100 கிராம் பழம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நடுத்தரமான ஒரு கொய்யாவே அந்த அளவை ஏறத்தாழ நிறைவு செய்துவிடும்.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்விக உணவை ஆயுள், வலிமை, ஆரோக்கியம், மகிழ்ச்சி ஆகியவற்றை வளர்ப்பது என்று வரையறுக்கிறது. உடலைப் பேணுதல் அங்கே இழிவாகக் கருதப்படவில்லை. மாறாக, உடலை வருத்தி வாட்டும் கடுந்தவத்தையே அதே அத்தியாயம் கண்டிக்கிறது. அப்படியானால், தன் உடல் மெலிவதைப் பொருட்படுத்தாத தாயின் செயலை எவ்வகையில் சேர்ப்பது?

இதே சிக்கலில் காந்தியடிகளும் அகப்பட்டார். 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலைத் துறந்த அவர், நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பழவுணவுக்கே மாறினார். விலை மலிந்த பழங்களையே உண்பதென்றும் உறுதி கொண்டார். வறியவர்களில் வறியவர் வாழ்வதுபோல் வாழவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் இவையே அவர்களது அன்றாட ஆகாரம். சமையல் வேலை ஏறக்குறைய ஒழிந்தது. சில ஆண்டுகள் அந்த வாழ்வு இனிதே நடந்தது. 1918இல் கேடா மாவட்டத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. பால் இன்றி உடலைத் தேற்ற இயலாது என்றார் மருத்துவர். விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் உரியதுதானே, ஆட்டுப்பாலை அருந்தலாமே என்று படுக்கையருகிலிருந்து வழிகாட்டியவர் கஸ்தூரிபா. காந்தியடிகள் இணங்கினார். விரதத்தின் சொல் காப்பாற்றப்பட்டது, அதன் உயிர் போயிற்று என்பதை அவரே சுயசரிதையில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தம்மைப் பின்பற்றிப் பாலைத் துறந்தவர்கள் நலம் காணாவிடில் அச்சோதனையைத் தொடரவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

வறியவர்க்காக ஒன்றை விட்டவர், வாழவேண்டியதற்காக அதை மீண்டும் ஏற்றார். அவருடைய துறவுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அதை அளந்து பார்க்கும் விழிப்பும் இருந்தது. மாங்கொட்டையோடு நிற்கும் தாய்க்கு அத்தகைய தேர்வு எப்போதேனும் கிடைத்ததா? தெரிந்தே விடுவதுதான் தியாகம். எஞ்சாமல் போனதைத் தியாகம் என்று பிறர் அழைப்பது, அவர்கள் தம் மனச்சான்றை உறங்கவைக்கும் வழியாகவும் இருக்கக்கூடும். ஆறு துண்டுகளை ஐவருக்குப் பங்கிடும்போது ஆறாவது துண்டு எங்கே செல்கிறது என்பதைக் கவனிக்கப் பெரிய தத்துவஞானம் தேவையில்லை.

1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் குறித்துச் சிறு நூலொன்றை எழுதியபோது, அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் மாம்பழம், நாவல், கொய்யா, பப்பாளி போன்றவற்றையே காந்தியடிகள் பரிந்துரைத்தார். பழம் உண்ணக் காலைவேளையே சிறந்தது என்றார். அந்தக் காலையுணவில் பழத்தின் பக்கத்திலேயே பாலையும் வைத்தார்.