இருப்பும் ஏடும்

களஞ்சியங் காப்பவனின் அறம் யாது? பொருள் குறையாமற் பேணுவதா, வாயிலில் நிற்பவன் வெறுங்கையோடு திரும்பாமற் பார்ப்பதா? வளமான காலத்தில் இவ்விரண்டும் முரண்படுவதில்லை. ஆதலின் வினாவும் எழுவதில்லை.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, திருக்கோவில், தம்பிலுவில், கல்முனை, மருதமுனை எனக் கிழக்குக் கரையைச் சிதைத்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பல நாடுகளிலிருந்தும் பொருள்கள் குவிந்தன. வெப்பநாட்டிற்கு ஒவ்வாத குளிர்கால உடைகளும் அவற்றுள் இருந்தன! எது, எங்கே, எவ்வளவு உண்டு என்பது தெரியாதவிடத்துக் குவியலும் பஞ்சமே. இக்குறையை உணர்ந்த இலங்கை மென்பொருள் வல்லுநர், சில வாரங்களுள் ‘சஹானா’ என்னும் கணினி முறைமையை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற்போனோர், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியன அதிற் பதியப்பெற்றன. களஞ்சிய இருப்பைக் கணக்கிடும் பகுதியும் பின்னர் இணைந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அம்முறைமை பயன்பட்டது.

இத்தகைய பதிவேட்டின் அறச்சிறப்பை எளிதில் ஒதுக்கலாகாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அருகருகே வாழும் மாவட்டத்தில், பங்கீடு பற்றிய ஐயம் பசியைப் போலவே கொடியது. இயந்திரம் இனம் பாராது. உறவினன் என்று கூடுதலாக அளந்து கொடாது. ஆயினும் பதியப்பட்டதை மட்டுமே அது அறியும். முகாமுக்குச் செல்லாது உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிய விதவை அதன் கண்ணுக்கு இல்லாதவளே.

2012இல் அமேசான் நிறுவனம் வாங்கிய கீவா இயந்திரங்கள், அலமாரியையே தூக்கித் தொழிலாளியிடம் கொண்டு வருகின்றன. தேவைப்படுவோனிடம் பொருள் நடந்து செல்லும் விந்தை அது! அந்தத் தேவையும் ஏட்டில் ஏறிய கட்டளையாக இருத்தல் வேண்டும் என்பது வேறு.

அவ்விதவை களஞ்சிய வாயிலில் வந்து நின்றால், “பட்டியலில் பெயரில்லை” என்பான் காவலன். அது உண்மையே. எனினும் மறுத்தவன் அவனேயன்றிப் பட்டியலன்று. இரங்கிக் கொடுப்பானாயின், பெயருள்ள ஒருவரின் பங்கு குறையும். நாளை அதே இரக்கம் தன் மைத்துனனுக்கும் கதவு திறக்கும். இவ்விடர்ப்பாட்டை எந்தக் கணினியும் தீர்க்காது. ஏட்டில் ஒரு தனி நிரலை மட்டும் சேர்க்கலாம்: பட்டியலுக்குப் புறம்பாகக் கொடுத்தது இவ்வளவு, இன்னாருக்கு, இன்ன காரணத்தால், கொடுத்தவன் கையொப்பம் கீழே.