நாற்கரமும் சதுரமும்

நான்கு பக்கங்களின் நீளமும் தெரிந்துவிட்டால் நாற்கரத்தின் பரப்பும் தெரிந்துவிட்டதாக எண்ணுவது, கணிதம் பயிலும் மாணாக்கர்க்கு மட்டுமன்றி, சில சமயங்களில் அதனைப் போதிப்போர்க்கும் இயல்பாக நேரும் மயக்கமாகும். பக்கம் ஒவ்வொன்றும் 5 அலகாக உள்ள நாற்கரத்தை வரையச் சொன்னால், கை தானாகவே சதுரத்தை வரைந்து, 25 சதுர அலகு என்று விடையும் எழுதிவிடுகிறது. ஆனால் அதே நான்கு பக்கங்களை, முனைக்கு ஓர் ஆணி மட்டும் அடித்த மூங்கிற் சட்டத்தைப் போலச் சற்றே சாய்த்தால், மூலைவிட்டங்கள் 6, 8 என்றாகும் நிலையில் பரப்பு 24 ஆகி, மேலும் சாய்க்கச் சாய்க்கப் பூஜ்யத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போகிறது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் அருளிய பரப்புச் சூத்திரம், நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின்மீது அமையும் விசேஷ நாற்கரங்களுக்கே துல்லியமாகப் பொருந்தும். அவற்றுள் ஒரு பக்கத்தைப் பூஜ்யமாக்கினால் அதுவே முக்கோணத்தின் பரப்பைத் தருவது தனி அழகு. மூலைவிட்டமோ செங்குத்துயரமோ கூறாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றும், அதற்கு விடை சொல்ல முற்படுபவனை அவனினும் பெரிய பிசாசு என்றும் லீலாவதி என்னும் தம் கணித நூலில் பாஸ்கராச்சாரியர் வைதிருக்கிறார்.