தாங்குகிறது என்பதற்காக

"வெயிலே வேண்டாங்க. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி விட்டா போதும். எந்த மூலையில வேணும்னாலும் வைக்கலாம்." சாட்டின் போத்தோஸ் கொடியை நர்சரிகளில் இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். கேட்கிற நமக்கும் அது பிடித்துப்போகிறது. அதிகம் கேட்காத உயிருக்கு வீட்டில் சுலபமாக இடம் கிடைத்துவிடும். ஆனால் எந்த இடம்? பெரும்பாலும், வேறு எதற்கும் உதவாத கடைசி மூலை.

தாவரவியலார் ஸின்டாப்ஸஸ் பிக்டஸ் என்று அழைக்கும் இந்தக் கொடி, மணி பிளான்ட்டைப் போலவே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் மழைக்காடுகளில் மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். தடித்த கரும்பச்சை இலையில் வெள்ளித் திட்டுகள். அந்த வெள்ளி ஒரு சாயமல்ல. இலையின் மேல்தோலுக்கும் அதன் அடியில் உள்ள பச்சையத் திசுவுக்கும் நடுவே நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. சோப்பு நுரை வெண்மையாகத் தெரிவதுபோல, அங்கே ஒளி சிதறித் திரும்புவதால் வெள்ளியாகத் தெரிகிறது. இலையைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்தால் மினுமினுப்பும் கூடவே நகரும். வெளிச்சம் வந்து விழுந்தால்தான் அந்த அழகே உண்டு.

அப்படியானால் எவ்வளவு வெளிச்சம்? உச்சி வெயிலில் திறந்தவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வந்து சேரும். அதுவே ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸ். ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் ஹால் மூலையில் பகலிலும் 100, 200 தேறினால் அதிகம். காட்டின் நிழலைவிட நம் வீட்டு மூலை இருட்டு. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை. செடி அப்படிச் சமாளித்துக்கொள்ள முடியாது.

உறவினர் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தக் கொடியைப் பார்த்தேன். இலைக்கும் இலைக்கும் இடையே ஒரு சாண் வெறும் தண்டு. புதிதாக வந்த இலை பழையதில் பாதிகூட இல்லை. வெள்ளித் திட்டு மங்கியிருந்தது. அடியில் ஓர் இலை பழுத்துக்கொண்டிருந்தது. பழைய இலையிலிருந்து நைட்ரஜனை எடுத்துத்தான் கொடி நுனியைக் காப்பாற்றும். "வாங்கினதுலேர்ந்து அப்படியேதான் இருக்கு, ஒரு தொந்தரவும் இல்லை" என்றார் அந்த அம்மா, பெருமையாக. வளரவேண்டிய ஒன்று அப்படியே இருப்பதை நாம் நலம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதே சேம்புக் குடும்பத்தில் மான்ஸ்டெரா என்று ஒரு கொடி. அதன் ஓர் இனத்தின் நாற்று வெளிச்சத்தை விட்டுவிட்டு இருட்டை நோக்கித் தரையில் ஊர்ந்து போகிறது என்று ஸ்ட்ராங், ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் எழுதினார்கள். காட்டில் அடர்த்தியான இருட்டு எங்கே தெரிகிறதோ அங்கேதான் பெரிய அடிமரம் இருக்கும். அதைப் பற்றிக்கொண்டு மேலே போகத்தான் அந்தப் பயணம். இருட்டைக் கடக்கத் தெரிந்த செடிக்கு இருட்டுதான் பிடிக்கும் என்று முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மனிதர்கள் விஷயத்திலும் இதைத்தான் செய்கிறோம். "எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்கிறவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்ளும் அம்மா. ஃபேன் காற்று எட்டாத இடத்தில் பாயை விரித்துக்கொள்ளும் பெரியம்மா. கூடுதல் வேலையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் ஊழியர். அவர்களைப் புகழவும் செய்கிறோம்: தங்கமான மனசு, ஒரு குறை சொல்லமாட்டார். அந்தப் புகழ்ச்சியே அவர்களை அந்த இடத்திலேயே வைத்துவிடுகிறது. தாங்குவது அவர்களுடைய பலம். அதை நம்முடைய வசதியாக ஆக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

செடியைப் பொறுத்தவரை வழி சுலபம். நேர் வெயில் படாத வெளிச்சமான ஜன்னலருகே வையுங்கள். கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இருட்டில் இருக்கும் செடி தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். ஈரம் தேங்கினால் வேர் அழுகும். தாகம் எடுத்தால் இலை ஓரம் உள்ளே சுருளும். அதற்குத் தெரிந்த கேட்கும் முறை அதுதான். இலையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். ஏறிக்கொள்ள ஒரு குச்சி நடுங்கள். இதன் சாறு வாயில் பட்டால் எரியும் என்பதால் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான். எவ்வளவு குறைவில் இது பிழைக்கும் என்று பார்ப்பதை விட்டு, எது கிடைத்தால் செழிக்கும் என்று கேட்பது. முன்னது கணக்கு, பின்னதுதான் அக்கறை. உங்கள் வீட்டில் "எதுவானாலும் சரி" என்று ஒருவர் சொன்னால், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.