உளூவும் சர்க்கரை நோயாளியின் பாதமும்





ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருங்கிவிட, ஸஹாபாக்கள் அவசர அவசரமாக உளூ செய்தார்கள். சிலருடைய குதிகாலில் தண்ணீர் படவில்லை. பின்னால் வந்து சேர்ந்த நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, அந்தக் குதிகால்களைக் குறித்து உரத்த குரலில் நரகத்தைச் சொல்லி எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. உளூவின் சட்டமாக இதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். இன்று அந்தக் குதிகாலைப் பற்றியே பேசப் போகிறேன். குறிப்பாக, சர்க்கரை நோய் உள்ளவர்களின் குதிகாலை.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. நம் ஸஃப்பில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினால் தெரியாது, புண்ணானால் எளிதில் ஆறாது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகள் விரல்களை இழப்பதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமல் படும் காயங்களே என்று கண்டார். வலியும் ஒரு நிஃமத். ஆனால் பல்வலி வந்தால் நம்மில் யார் அல்ஹம்து லில்லாஹ் சொல்கிறோம்?

நம் கள்ளக்குறிச்சியில் கரும்பு வெட்டிய வயலில் கட்டைகள் ஈட்டிபோல நிற்கும். புளியும் கடுக்காயும் வாங்க வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போகிறவர்கள் தேய்ந்த ரப்பர் செருப்போடு கல்வராயன் மலையில் ஏறி இறங்குகிறார்கள். செருப்பைத் துளைத்த முள்ளை வீட்டுக்கு வந்த பிறகும் பார்ப்பதில்லை. இவ்வளவு ஏன், ஜும்ஆ நேரத்து வெயிலில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஹவுளுக்கு நடக்கும் பத்தடி சிமெண்ட் தரை போதும், மரத்துப்போன பாதம் கொப்பளித்துவிடும்.

அல்லாஹ் நம் பாதத்தை ஐவேளையும் நம் கையிலேயே தந்திருக்கிறான். கால் விரல் இடுக்குகளைச் சுண்டுவிரலால் கோதிக் கழுவுவது சுன்னத். அப்போது கண்ணாலும் பாருங்கள். இஷாவுக்காவது வீட்டில் உளூ செய்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவிய பிறகு இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள்; துடைப்பதில் குற்றமில்லை, ஈரம் நின்றால்தான் சேற்றுப்புண் வரும். வெந்நீரில் காலை நேராக வைக்காதீர்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. புண்ணை மறைத்துக்கொண்டு, கட்டை அவிழ்த்து ஐந்து வேளையும் நனைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். "கட்டோடு உளூ கூடுமா ஹஜ்ரத்?" என்று கேட்கக் கூச்சம். தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, உடனிருந்தவர்கள் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றது அவர்கள்தான் என்று கடிந்துகொண்டார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். ஜாபிர் (ரலி) அறிவிப்பதாக அபூதாவூதில் இருக்கிறது. தண்ணீர் புண்ணுக்குக் கேடு என்று டாக்டர் சொன்னால் கட்டின் மீது மஸஹ் செய்யுங்கள், மற்ற இடங்களைக் கழுவுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்மும் உண்டு.

காலை எடுக்க வேண்டும் என்றதும் ஸப்ரோடு ஏற்றுக்கொண்ட உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சொல்லி நாம் ஆறுதல் பெறுகிறோம். நோய் மேலே ஏறிவிடாமலிருக்க அவர்கள் மருத்துவர் பேச்சைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காலில் சிவப்பு, வீக்கம், துர்வாடை, கறுப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் நமக்கு இருக்கிறது. 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசுத் திட்டமே உண்டு. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வலிக்காது. எம்.சி.ஆர். செருப்பு வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

செருப்பு வைக்கும் இடத்திலிருந்து ஹவுள் வரை கயிற்றுப் பாய் விரிக்க நிர்வாகத்தார் சம்மதித்திருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. காலில் கட்டுப் போட்டிருப்பவர்கள் தொழுகை முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். மஸஹ் செய்யும் முறையைச் செய்து காட்டுகிறேன்.