கூலி கேளா உழைப்பு

இலாபம் என்னும் தூண்டுகோல் இல்லையேல் மனிதன் உழைக்கமாட்டான் என்பது முதலாளித்துவப் பொருளியலாளர் நமக்கு ஓயாது ஓதிவரும் பாடம். அப்பாடம் மெய்யாயின், கட்டற்ற மென்பொருள் என்ற ஒன்று உலகில் தோன்றியிருக்கவே முடியாது. எவரும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமைகளோடு வெளியிடப்படும் கணினி நிரல்களையே அவ்வாறு அழைக்கின்றோம். 1983இல் அமெரிக்காவில் றிச்சர்ட் ஸ்ரோல்மன் இம்முயற்சியை அறிவித்த நாள் முதலாக, கூலி பெற்று இதற்கு உழைத்தோரும் உளர். கூலி கேளாது உழைத்தோரோ எண்ணற்றோர். பின்னவரை உந்தியது யாது?

தியாகம் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. உண்மை அத்துணை எளிதன்று. 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கிய ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ், அதனைத் தமது பொழுதுபோக்கு என்றே அறிவித்தார். தன் தேவைக்கான கருவியைத் தானே ஆக்குதல், செய்வதைச் செம்மையாகச் செய்வதில் எழும் களிப்பு, தொழிலறிந்தோர் அளிக்கும் மதிப்பு, நல்ல வேலை கிட்டும் என்ற நம்பிக்கை ஆகிய யாவும் இங்கு விரவிக் கிடக்கின்றன. இதில் நாணுதற்கு ஏதுமில்லை. தன் கைவண்ணம் பிறர்க்குப் பயன்படக் கண்டு மகிழ்தல் உழைப்போடு பிறந்த இன்பமாகும்.

நம் நாட்டிலும் சான்றுண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, இலங்கை நிரலாளர் தொண்டர்களாய்க் கூடி 'சஹான' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களை ஒழுங்குசெய்யவும் அது உதவிற்று. மூலநிரல் திறந்திருந்தமையால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. இதில் எவருடைய இலாபக் கணக்கைக் காண்பது?

ஆயின் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. இணையத்திற் செல்லும் இரகசியச் செய்திகளைக் காக்கும் 'ஓப்பின் எஸ்.எஸ்.எல்.' என்ற கட்டற்ற மென்பொருளில், 2014 ஏப்ரிலில் பாரதூரமான வழுவொன்று வெளிப்பட்டது. உலகப் பெருநிறுவனங்கள் நம்பியிருந்த அதனைப் பேணியோர் ஒரு சிலரே. அவருள் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர். ஆபத்து வந்த பின்னரே பெருநிறுவனங்கள் பணம் ஒதுக்க முன்வந்தன.

'மகிழ்ந்துதானே செய்கிறாய், கூலி எதற்கு?' என்பது இங்கு ஒலிக்கும் வாதம். ஆசிரியப் பணி புனிதத் தொண்டென்று புகழ்ந்தவாறே ஊதிய உயர்வை மறுக்கும் குரலைக் கேட்ட நமக்கு இது புதிதன்று. மனமுவந்து கொடுப்பவனின் மகிழ்ச்சி, எடுப்பவனின் கடனை அழித்துவிடாது. பொதுக் கிணற்றில் நீரள்ள அனைவர்க்கும் உரிமையுண்டு. ஆயினும் கிணற்றைத் தூர்வாரும் நாளில், வீட்டுக்கு ஒரு குடம் அள்ளியவனையும் நாள்தோறும் வண்டிகளில் ஏற்றி விற்றவனையும் நாம் ஒரே கணக்கில் வைக்கலாகாது.