ரத்தம் இல்லாத வம்சம்

எபிரேய வேதத்தின் முதலாம் நாளாகமத்தைத் திறந்தால் 9 அதிகாரங்களுக்குப் பெயர்கள்தான். பலரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள். ரூத் நூலின் கடைசியில் உள்ள குட்டிப் பட்டியலிலாவது கொஞ்சம் நிற்கலாம்: பேரேஸ் முதல் தாவீது வரை 10 தலைமுறை. தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி ரூத் மோவாப் நாட்டு அந்நியப் பெண் என்பதை அந்த நூல் மறைக்கவே இல்லை.

கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு வம்சாவளி உண்டு. பெண்ணாடத்து மெய்கண்டார், திருத்துறையூர் அருணந்தி, மறைஞான சம்பந்தர், சிதம்பரத்து உமாபதி. சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர் நால்வர். ஆசானிடமிருந்து மாணவனுக்கு இறங்கும் வரிசை. பிறப்புக்கு இதில் வேலையில்லை. பாலகனான மெய்கண்டாரைப் பணிந்தவர் அவர் வீட்டுக் குலகுருவான அருணந்தியே என்கிறது மரபு. (எந்தக் குலகுரு இன்று இதற்குச் சம்மதிப்பார்?) சுவேதவனப் பெருமாள் என்று பெற்றோர் வைத்த பெயர் மெய்கண்டார் ஆனது ஞானம் பெற்ற பிறகு. எபிரேய வேதத்தில் ஆபிராம் ஆபிரகாமானதும், யாக்கோபு இஸ்ரவேலானதும் பெற்றோர் கையால் அல்லவே.

உமாபதியின் கதை இன்னும் கடுமை. தில்லைவாழ் அந்தணரான அவர் மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டதும், சொந்தக் கூட்டமே ஒதுக்கிவைத்ததாம். ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் குடியேறினார். சித்தாந்த சாத்திரங்கள் 14-இல் 8 அவர் எழுதியவை.