உறவினனாய் வந்த காட்டேரி

பேய் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன புளியமரமும் சுடுகாடும் நள்ளிரவுமே. தீமைக்கு இருப்பிடம் இருள் என்று குழந்தைப் பருவத்திலிருந்தே நமக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஆனால், கூடத்தில் விளக்கொளியில் நாற்காலியில் அமர்ந்து, வீட்டாரின் நலம் விசாரித்து, பெரியவர்களிடம் பணிவோடு பேசும் தீமையை எவ்வாறு அறிவது? அறியாமற் போனால் அக்குற்றம் ஏமாற்றியவனை மட்டும் சார்ந்ததா, ஏமாந்தவரையும் சார்ந்ததா? இவ்வினாவை ஆராய எனக்குத் துணையாக வாய்த்தது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் என்றால், அன்பர்கள் நகைக்கக்கூடும். பொறுத்தருளிக் கேட்க வேண்டுகிறேன்.

‘டார்க் ஷேடோஸ்’ என்பது அதன் பெயர். இருள் நிழல்கள் எனலாம். டான் கர்ட்டிஸ் என்பார் உருவாக்கிய இத்தொடர், ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1966 ஜூன் முதல் 1971 ஏப்ரல் வரை வார நாட்களில் பிற்பகல்தோறும் ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 1,225 பகுதிகள். இல்லத்தரசிகளுக்கென எடுக்கப்பட்ட பகல்நேரத் தொடராயினும், பள்ளி விட்டதும் பிள்ளைகள் இதைக் காண ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினராம். அவ்வளவு ஈர்ப்புக்கும் காரணம், 1967 ஏப்ரலில் கதைக்குள் நுழைந்த பர்னபாஸ் காலின்ஸ் என்னும் பாத்திரம். ஜோனதன் ஃப்ரிட் என்ற கனடா நாட்டு நடிகர் அவ்வேடத்தை ஏற்றார்.

கதை நிகழும் இடம் மெய்ன் மாநிலத்துக் கடற்கரையூர் ஒன்று. அங்கே காலின்வுட் என்னும் பெரிய மாளிகை. செல்வமும் பெருமையும் தேய்ந்து வரும் பழங்குடும்பம். வில்லி லூமிஸ் என்னும் போக்கிரி, நகைகளைத் தேடிக் குடும்பக் கல்லறையில் சங்கிலியிட்டுக் கிடந்த சவப்பெட்டியைத் திறக்கிறான். நகை கிடைக்கவில்லை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்த இரத்தக் காட்டேரி வெளிப்படுகிறது. சில நாட்களில் மாளிகையின் வாயிலில் ஒரு கனவான் வந்து நிற்கிறார். மேலங்கி, வெள்ளிப்பிடி போட்ட கைத்தடி, விரலில் பெரிய மோதிரம். “இங்கிலாந்திலிருந்து வரும் உங்கள் பங்காளி நான்” என்கிறார்.

அந்த மாளிகையின் முன்கூடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு முன்னோன் ஒருவனின் ஓவியம் தொங்குகிறது. அவன் பெயரும் பர்னபாஸ் காலின்ஸ்தான். வந்தவர் முகம் அவ்வோவியத்தை அப்படியே ஒத்திருக்கிறது. வீட்டார் அதைக் காணாமலில்லை, கண்டு வியக்கின்றனர். வியந்து, “ஐயமே இல்லை, இவர் நம் குடும்பத்தவர்தாம்!” என்று முடிவு கட்டுகின்றனர். எது அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமோ அதுவே அவனுக்கு நற்சான்றாகிவிடுகிறது. நாள்தோறும் சான்றிதழ்களையும் முத்திரைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும் எழுத்தனாகிய எனக்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றிற்று. முத்திரை பொய்யாயின் என்றேனும் ஒருவர் கண்டுபிடிப்பார். முத்திரை மெய்யாக இருந்து, அதற்கு நாம் கொள்ளும் பொருள் பொய்யாயின் யார் கண்டுபிடிப்பது?

அவ்வீட்டுத் தலைவி எலிசபெத் அறிவில்லாதவள் அல்லள். அக்காலத்தில் அவள் வேறொருவனை அஞ்சிக்கொண்டிருந்தாள். ஜேசன் மகுவையர் என்னும் கயவன், அவள் தன் கணவனைக் கொன்றுவிட்டாள் என்ற பழைய இரகசியத்தைச் சொல்லி மிரட்டிப் பணம் பறித்து வந்தான்; அவளும் கொன்றதாகவே நம்பியிருந்தாள். அவன் பேச்சிலும் நடையிலும் கயமை வெளிப்படையாகத் தெரிந்தது. ஆகவே வீடு முழுவதும் அவனை வெறுத்தது. பங்காளியோ குடும்பத்தின் பழம்பெருமையைப் பேசினான்; முன்னோர் வாழ்ந்த பாழடைந்த பழைய வீட்டைப் புதுப்பித்துத் தானே குடியிருப்பதாகச் சொன்னான். மறந்துபோன தங்கள் மேன்மையை எடுத்துரைக்க ஒருவர் வந்தால் யாருக்குத்தான் இனிக்காது? பகலில் இவர் ஏன் கண்ணிலேயே படுவதில்லை என்று வற்புறுத்திக் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. அவர்கள் வரவேற்றது அவனையன்று. அவன் வாயிலாகக் கண்ட தங்களையே என்பது என் கருத்து.

அப்படியாயின், வருவோர் அனைவரையும் ஐயுறுவதே அறமாகுமோ? இங்கே நம் மெய்ப்பொருள் நாயனார் குறுக்கே நிற்கிறார். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, ஏட்டுக் கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் வருகிறான். அரசர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தாழ அமர்கிறார், குத்துண்டு வீழ்கிறார். வாள் உருவிய தத்தனைத் தடுத்து, அவனைக் கேடின்றி ஊர் எல்லை கடத்திவிடுமாறு பணிக்கிறார். சேக்கிழார் இதனைப் பெருஞ்செயலாகப் போற்றினார். காலின்வுட் குடும்பத்தார் செய்ததும் வேடத்தை நம்பியதுதானே? ஒன்றைப் போற்றி மற்றொன்றை எவ்வாறு பழிப்பது?

வேறுபாடு, விலை கொடுத்தவர் யார் என்பதில் இருக்கிறது. நாயனார் தம் நம்பிக்கைக்குத் தம் உயிரையே ஈந்தார். காலின்வுட்டில் நடந்தது வேறு. பர்னபாஸ் கடத்திச் சென்று அடைத்துவைத்த பெண் மேகி எவன்ஸ், அம்மாளிகையின் மகள் அல்லள்; ஊரில் உணவு விடுதியில் பரிமாறுபவள், ஏழை ஓவியர் ஒருவரின் மகள். பெரிய வீட்டின் உறவினர் என்னும் தகுதியன்றோ அவனுக்கு ஊரெங்கும் கதவைத் திறந்துவிட்டது! நம்பியவர்கள் மாளிகையில் இருந்தார்கள்; அந்நம்பிக்கைக்கு விலை கொடுத்தவள் அடைபட்டுக் கிடந்தாள்.

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. தொடர்வண்டியிலோ கோயில் வாசலிலோ ஒருவர் தமிழில் பேசியதும், “எந்த ஊர்? எந்தத் தெரு?” என்று தொடங்கி, அரை மணியில் உறவுமுறை வைத்து அழைக்கிறோம். அது நம் பண்பு. அதை விட்டுவிட்டால் இந்நகரங்களில் நமக்கு மிஞ்சுவது வாடகை வீடு மட்டுமே. அவரை நம் வீட்டில் தங்க வைப்பதும் நம் பணத்தைக் கடனாகத் தருவதும் நம் உரிமை. ஆனால், “நம்ம ஊர்க்காரர், தங்கமானவர்” என்று சொல்லி, தனியே வாழும் கைம்பெண்ணின் சேமிப்பை அவர் நடத்தும் சீட்டில் போடச் செய்வது அவ்வுரிமைக்குள் அடங்குமா? அங்கே நாம் செலவழிப்பது பிறர் பொருள். நம் வீட்டுக்கு விருந்தினராக ஏற்பதற்கும் பிறருக்குப் பிணையாக நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு விசாரணை கடமையாகிறது. விசாரித்தால் அவர் வருந்துவாரே என்னும் தயக்கம் அங்கே செல்லாது.

பார்வையாளர் செய்ததையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே உண்மை தெரியும். எனினும் அவர்கள் பர்னபாஸை வெறுக்கவில்லை. 1967 இறுதியில் கதை 1795ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் சென்று, ஏஞ்சலிக் என்னும் சூனியக்காரியின் சாபத்தால்தான் அவன் காட்டேரியானான் என்பதைக் காட்டியது. இரக்கம் பெருகிற்று. அவ்விரக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆயினும் அதனை மேகியிடம் கேட்டுவிட்டன்றோ வழங்கியிருக்க வேண்டும்! கதைக்குள்ளேயே இதற்கு ஒரு சான்றுண்டு. ஜூலியா ஹாஃப்மன் என்னும் மருத்துவர் அவன் யார் என்பதை அறிகிறார். அறிந்தும் நோயைக் குணப்படுத்தலாம் என்னும் ஆராய்ச்சி ஆசையால் மறைக்கிறார். எலிசபெத் அறியாமல் செய்த உதவியை இவர் அறிந்தே செய்கிறார். என் தராசில் இவர் குற்றமே கனமானது.

கண்டறிந்தவன் ஒருவனும் அவ்வீட்டில் இருந்தான். டேவிட் என்னும் சிறுவன். பங்காளியைப் பற்றிய உண்மையை அவன் அஞ்சி நடுங்கிச் சொன்னபோது, பையனுக்கு மனம் கலங்கிவிட்டது என்று பெரியவர்கள் கவலைப்பட்டனர். அவன் சொல்லைப் பொருட்படுத்தி உசாவியவர் உடார்டு என்னும் ஊர் மருத்துவர் ஒருவரே. பர்னபாஸ் அவரைக் கொன்றான். அதற்கான மருந்தை ஆயத்தம் செய்து கொடுத்தவர் ஜூலியா. மாரடைப்பால் இறந்தார் என்றே ஊர் நம்பிற்று.